அலை வராத நீண்ட கடற்கரை



வரலாறு கற்பிக்கும் நமக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கட்டடத்தைப் பற்றிப் பேசினாலும் யார் கட்டினார், எப்போது கட்டினார், எதற்காகக் கட்டினார் என்ற மூன்று கேள்விகளைக் கேட்போம். விடைகளைப் பலகையில் எழுதுவோம். மாணவர்கள் பயிற்சிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டதும் அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுவோம். கட்டியதற்கான காரணம் மறைந்த பிறகு அக்கட்டடம் என்ன ஆயிற்று என்ற நான்காவது கேள்வி சோதனைத் தாளில் வருவதில்லை. வராததால் நாமும் கேட்பதில்லை. அந்த நான்காவது கேள்வியை ஒரு நகரமே பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்த வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குத் தெற்கே, பசிபிக் பெருங்கடலின் ஓரத்தில் அமைந்துள்ளது லாங் பீச். நீண்ட கடற்கரை என்பதே அப்பெயரின் பொருள். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பெரிய நகரம் அது. பெயருக்கு ஏற்ப நீண்டு அகன்ற மணற்பரப்பும் உண்டு. ஆனால் அக்கரையில் நின்று பார்ப்பவருக்குப் பெருங்கடலின் அலை தெரியாது. குளத்து நீர்போல் சிறு நெளிவுகள் மட்டுமே கரையைத் தொடும். காரணம், கரையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு கற்சுவர். அலைதடுப்புச் சுவர் என்று அதை அழைப்போம்.

நம் கிள்ளான் துறைமுகத்தை அறிந்தவர்களுக்கு இப்படி ஒரு சுவரின் தேவை உடனே விளங்காமல் போகலாம். கிள்ளான் தீவு, கேத்தாம் தீவு, இண்டா தீவு ஆகியவை இயற்கையாகவே முன்னே நின்று கப்பல்களுக்குக் காவல் தருகின்றன. மலாக்கா நீரிணையும் குறுகலான கடல்தான். பசிபிக்கோ உலகின் மிகப் பெரிய கடல். தென்கோளத்தில், நியூசிலாந்துப் பக்கம் எழும் புயலின் அலைகள் பல நாள் பயணம் செய்து கலிபோர்னியாவின் தெற்கு நோக்கிய கரைகளை வந்து மோதும். லாங் பீச்சும் அதனை ஒட்டிய சான் பெட்ரோவும் தெற்கு நோக்கியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சான் பெட்ரோ விரிகுடாவில் பெரிய கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கைச் சிறு படகுகளில் ஏற்றிக் கரைக்குக் கொண்டு வந்தனர். காற்று திசை மாறினால் ஆபத்து.

எனவே ஒரு சுவர் தேவை என்பதில் எவருக்கும் ஐயம் இருக்கவில்லை. எங்கே கட்டுவது என்பதில்தான் சண்டை. 1890களில் சதர்ன் பசிபிக் இரயில்வே நிறுவனத்தின் தலைவர் காலிஸ் ஹண்டிங்டன், அரசுப் பணத்தில் கட்டப்படும் துறைமுகம் சாந்தா மோனிகாவில் அமைய வேண்டுமென்று முனைந்தார். அங்கே கரையோர நிலமும் இரயில் பாதையும் அவருடைய நிறுவனத்தின் பிடியில் இருந்தன. துறைமுகம் அங்கே வந்திருந்தால் ஒவ்வொரு மூட்டைக்கும் அவர் சொல்லும் கட்டணமே கட்டணமாகியிருக்கும். லாஸ் ஏஞ்சலஸ் வணிகர்களும் செனட்டர் ஸ்டீபன் வைட்டும் சான் பெட்ரோவே வேண்டுமென்று போராடினர். கட்டற்ற துறைமுகத்திற்கான போராட்டம் என்று வரலாற்றில் இது பெயர் பெற்றது. அட்மிரல் ஜான் வாக்கர் தலைமையில் அமைந்த குழு 1897இல் சான் பெட்ரோவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

1899 ஏப்ரலில் வேலை தொடங்கியது. அதிபர் மெக்கின்லி வெள்ளை மாளிகையில் ஒரு மின்பொத்தானை அழுத்த, நாட்டின் மறுகோடியில் முதல் கற்சுமை கடலில் விழ வேண்டும் என்று ஏற்பாடு. ஆனால் கல் ஏற்றிய மிதவை சரியாகச் சாயவில்லை; மிஞ்சிய கற்களை ஆட்கள் கைகளால் தள்ளி முடித்தனர். திறப்பு விழாக்களில் பொத்தான் வேலை செய்யாத துன்பம் நம் பள்ளி மண்டபங்களுக்கு மட்டும் உரியதன்று என்று எண்ணி ஆறுதலடையலாம். சான் பெட்ரோ சுவர் 1911இல் நிறைவுற்றது. ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் நீளம்.

சுவர் அத்துடன் நின்றிருந்தால் லாங் பீச்சுக்கு இக்கதையில் இடமிருந்திராது. 1919க்குப் பிறகு அமெரிக்கக் கடற்படையின் பெரிய போர்க்கப்பல்கள் இவ்விரிகுடாவைத் தங்குமிடமாக்கிக்கொண்டன. அவற்றுக்கு அமைதியான, அகன்ற நீர்ப்பரப்பு தேவைப்பட்டது. 1930களில் சுவர் கிழக்கு நோக்கி நீளத் தொடங்கியது. நடுச்சுவர் எனப்படும் ஐந்தரைக் கிலோமீட்டர் பகுதி அப்படி எழுந்தது. அதற்கும் கிழக்கே, லாங் பீச் கடற்கரைக்கு நேர் எதிரே, மூன்றாவது பகுதி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கப்பட்டு 1949இல் முடிந்தது. அதன் நீளம் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர். மூன்றையும் சேர்த்தால், கப்பல்கள் நுழையும் இடைவெளிகள் நீங்கலாக, 13 கிலோமீட்டர் கற்சுவர். கல் பெரும்பாலும் எதிரிலுள்ள கேட்டலினா தீவிலிருந்து வெட்டி மிதவைகளில் கொண்டு வரப்பட்டது.

போரைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. அத்துறைமுகத்தின் நடுவிலுள்ள டெர்மினல் தீவில் ஏறத்தாழ 3,000 ஜப்பானிய வம்சாவளியினர் மீன்பிடித் தொழில் செய்து வாழ்ந்தனர். 1942 பிப்ரவரியில் அவர்களுக்கு வெளியேற 48 மணிநேரம் கொடுக்கப்பட்டது. வலைகளையும் படகுகளையும் வந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அவர்களுடைய ஊர் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. கடற்படையின் தேவை என்ற ஒரு சொல்லுக்கு அன்று எதிர்ச்சொல் இல்லை. லாங் பீச் மக்களிடமும் அலை வேண்டுமா, சுவர் வேண்டுமா என்று யாரும் கேட்டதாக இல்லை; போர்க்காலத்தில் அப்படிக் கேட்பதும் நடக்கக் கூடியதன்று.

ஆனால் இழப்பு இருந்தது. சுவருக்கு முந்தைய லாங் பீச் ஓர் உல்லாச நகரம். 1902 முதல் கரையோரத்தில் பைக் என்னும் கேளிக்கைப் பூங்கா இருந்தது. அலையில் குளிக்க இரயிலேறி மக்கள் வந்தனர். அலைச்சறுக்கு விளையாட்டில் ஹவாய்த் தீவின் வைக்கிக்கியோடு இக்கரையை ஒப்பிட்டுப் பேசினர். 1938இல் தேசிய அளவிலான அலைச்சறுக்குப் போட்டி இங்கேதான் நடந்தது. பதினொரு ஆண்டுகள் கழித்து அங்கே சறுக்குவதற்கு அலையே இல்லை.

அலை நின்றால் விளையாட்டு மட்டும்தான் நிற்கும் என்று நினைத்துவிடக் கூடாது. என் வகுப்பில் இதைச் சொல்லி விளக்குவதைவிடச் செய்து காட்டுவது எளிதாக இருந்தது. ஓர் அகன்ற பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பி, இரண்டு செங்கற்களைச் சிறு இடைவெளி விட்டு வைத்தோம். ஒரு பக்கத்திலிருந்து அட்டையால் அலை எழுப்பினோம். செங்கல்லுக்கு அப்பால் நீர் அமைதியாக இருந்தது. மாணவர்கள் கைதட்டினர். பிறகு அமைதியான பக்கத்தில் ஒரு கரண்டி காப்பித்தூளைத் தூவினோம். தூள் அங்கேயே நின்றது. செங்கற்களை எடுத்துவிட்டு மறுபடி அலை எழுப்பியபோதுதான் அது தொட்டி முழுவதும் பரவிக் கலைந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "அப்படின்னா அழுக்கும் உள்ளேயே இருக்குமா, டீச்சர்?" என்று கேட்டாள். பாடநூலில் இல்லாத கேள்வி அது.

லாங் பீச்சில் அக்காப்பித்தூளைக் கொண்டு வந்து கொட்டுவது லாஸ் ஏஞ்சலஸ் ஆறு. ஏறத்தாழ 82 கிலோமீட்டர் ஓடி வரும் அவ்வாறு லாங் பீச்சில்தான் கடலில் கலக்கிறது. 1938 மார்ச்சில் ஏற்பட்ட பெருவெள்ளத்திற்குப் பிறகு இராணுவப் பொறியாளர் படை அவ்வாற்றின் பெரும்பகுதியைச் சிமெண்டுக் கால்வாயாக மாற்றியது. வெள்ளம் ஊருக்குள் புகாமல் விரைந்து கடலைச் சேர வேண்டும் என்பதே நோக்கம். அது நிறைவேறியது. கூடவே, இரண்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலப்பரப்பின் தெருக் குப்பையும் எண்ணெய்ப் பிசுக்கும் மழை நாளில் சில மணிநேரத்திலேயே லாங் பீச் கரையை வந்தடைந்தன. பிளாஸ்டிக் போத்தல், நுரைப்பெட்டி, டயர், எல்லாம் வரும். போட்டவர்கள் மேலே உள்ள பல நகரங்களில் இருக்கிறார்கள். பொறுக்குகிறவர்கள் லாங் பீச்சுக்காரர்கள். ஆற்றைச் சிமெண்டாக்கியதும் கடற்சுவரைக் கட்டிப் பராமரிப்பதும் அதே பொறியாளர் படைதான் என்பதைக் குறித்துக்கொள்க. இரண்டும் தனித்தனியே நல்ல காரணத்துக்காகச் செய்யப்பட்டவை. ஒன்றையொன்று சந்தித்த இடத்தில்தான் தொல்லை.

அமெரிக்காவில் ஹீல் த பே என்னும் அமைப்பு கடற்கரை நீரைப் பரிசோதித்து, நம் பள்ளி மதிப்பெண் அறிக்கை போலவே, ஏ முதல் எஃப் வரை மதிப்பெண் வழங்கி வருகிறது. 2000களில் லாங் பீச்சின் மதிப்பெண்கள் பெற்றோரிடம் காட்ட முடியாதவையாக இருந்தன. மழைக்குப் பிறகு பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க வேண்டாம் என்று எச்சரிப்பது வழக்கமாயிற்று.

இதற்கிடையே, சுவரின் காரணமும் கரைந்துகொண்டிருந்தது. லாங் பீச் கடற்படைத் தளம் 1994இல் மூடப்பட்டது. கடற்படைக் கப்பல் பட்டறை 1997இல் மூடப்பட்டது. போர்க்கப்பல்களுக்காகக் கட்டிய சுவர், போர்க்கப்பல்கள் போய்விட்டன, இனி எதற்கு என்று கேட்கும் குரல்கள் எழுந்தன. சர்ஃப்ரைடர் அறக்கட்டளையின் உள்ளூர்க் கிளையைச் சேர்ந்த அலைச்சறுக்காளர்கள், 'அலைதடுப்பை மூழ்கடிப்போம்' என்ற முழக்கத்தைக் கார்களில் ஒட்டத் தொடங்கினர். முதலில் பலர் சிரித்தனர். பொழுதுபோக்குக்காக இத்தனை கல்லை அகற்றச் சொல்கிறார்களே என்று. ஆனால் நீரின் மதிப்பெண் அறிக்கை ஆண்டுதோறும் வெளிவர, சிரிப்பு குறைந்தது. மேல்நிலைப் பள்ளி மாணவனுக்கும் விளங்கக் கூடிய வாதம் அவர்களிடம் இருந்தது: நீர் ஓடினால் அழுக்கு தங்காது.

நகர மன்றம் செவிசாய்த்தது. ஆனால் ஒரு சிக்கல். சுவர் நகரத்தினுடையதன்று. அது நடுவண் அரசின் சொத்து. தன் கண் முன்னே கிடக்கும் சுவரிலிருந்து ஒரு கல்லைக்கூட நகரம் எடுக்க முடியாது. ஆய்வு செய்யுங்கள் என்று கேட்க மட்டுமே முடியும். நடுவண் அரசு தயங்கியபோது, நகரம் தன் சொந்தப் பணத்தில் ஒரு பொறியியல் நிறுவனத்தைக் கொண்டு முதற்கட்ட ஆய்வு ஒன்றைச் செய்து 2009இல் வெளியிட்டது. சுவரை மாற்றியமைப்பது ஆராயத்தக்கதே என்று அது கூறியது. அதன் பின்னரே பொறியாளர் படை அசைந்தது. 2016இல் முழுமையான சாத்தியக்கூறு ஆய்வு தொடங்கியது. செலவில் பாதியை நகரம் ஏற்றுக்கொண்டது.

இவ்வாய்வின் பெயரைக் கவனியுங்கள். கிழக்கு சான் பெட்ரோ விரிகுடாச் சூழலமைவு மீட்பு ஆய்வு. சுவர் என்ற சொல் பெயரில் இல்லை. அலை என்ற சொல்லும் இல்லை. காரணம் இருக்கிறது. பொறியாளர் படைக்குச் சட்டம் வகுத்த முதன்மைப் பணிகள் கப்பல் போக்குவரத்து, வெள்ளத் தடுப்பு, சூழலமைவு மீட்பு போன்றவை. மக்கள் குளிக்கவும் சறுக்கவும் அலை வேண்டும் என்பது அப்பட்டியலில் முதன்மை இடம் பெறாது. ஆகவே அலை வேண்டும் என்று கேட்டுப் பல ஆண்டுகள் உழைத்தவர்கள், கடற்புல் வேண்டும், கடற்பாசிக் காடு வேண்டும் என்று கேட்க வேண்டியவர்களாயினர். கேள்வியின் சொற்கள் மாறினால் விடையும் மாறும். என் கணிப்பில், முடிவின் பாதி அந்தப் பெயரிலேயே எழுதப்பட்டுவிட்டது.

மறுபாதியை எழுதியவர்கள் சுவரின் நிழலில் குடியேறியவர்கள். இதுதான் இவ்வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சுவரைக் கட்டியபோது யாரும் நினைத்துப் பார்க்காத பலர் அதன் பின்னால் வந்து சேர்ந்திருந்தனர்.

முதலில் எண்ணெய். லாங் பீச்சின் அடியில் வில்மிங்டன் எண்ணெய் வயல் பரந்து கிடக்கிறது. 1932இல் அது கண்டறியப்பட்டது. எண்ணெயை உறிஞ்ச உறிஞ்ச நிலம் அமுங்கியது. துறைமுகப் பகுதியின் நடுவிடம் சில பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் தாழ்ந்தது. மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம்! 1950களின் பிற்பகுதியிலிருந்து நிலத்தடியில் கடல்நீரைச் செலுத்தித்தான் அமுங்குவதை நிறுத்தினர். மூழ்கிப்போன நிலத்தின் முன்னே நிற்கும் சுவரை எடுக்கலாமா என்று கேட்பவருக்கு இது ஒரு பதில். இன்னொன்றும் உண்டு. 1965இல் கரைக்கு அருகிலேயே நான்கு செயற்கைத் தீவுகள் அமைத்து எண்ணெய்க் கிணறுகள் தோண்டினர். கிரிசம், வைட், சாஃபி, ஃபிரீமன் என்று, உயிரிழந்த விண்வெளி வீரர்களின் பெயர்களைச் சூட்டினர். கரையிலிருந்து பார்ப்பவருக்குத் துளைகருவிகள் தெரியாதபடி பனைமரங்களும் செயற்கை அருவிகளும் வண்ணக் கோபுரங்களும் வைத்தனர். தங்கும் விடுதி என்று நினைத்துக் கேட்பவர்கள் உண்டாம். அத்தீவுகள் அமைதியான நீருக்காகக் கட்டப்பட்டவை. பெருங்கடலின் அலையை நேரே தாங்குவதற்காக அல்ல. அவற்றின் வருவாயில் நகரத்துக்கும் பங்கு உண்டு என்பதால், நகரம் தன் எதிர்வாதத்தைத் தானே வளர்த்து வைத்திருந்தது எனலாம்.

அடுத்தது துறைமுகம். லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் ஆகிய இரட்டைத் துறைமுகங்கள் அமெரிக்காவுக்குள் வரும் கொள்கலன் சரக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கையாளுகின்றன. நம் நாட்டில் செய்யப்படும் கையுறைகளும் மின்னணுப் பொருள்களும் அவ்வழியே செல்பவைதாம். நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களுக்கும் எரிபொருள் நிரப்பும் படகுகளுக்கும் சுவருக்குப் பின்னுள்ள நீர் தேவை.

மூன்றாவது, போய்விட்டதாக எல்லாரும் நினைத்த கடற்படை. தளம் மூடப்பட்டாலும், அருகிலுள்ள சீல் பீச் ஆயுதக் கிடங்கு தொடர்ந்து இயங்குகிறது. அங்கே நுழைய முடியாத பெரிய கப்பல்கள், சுவரின் பின்னுள்ள அமைதியான நீரில் நின்று வெடிபொருள்களை ஏற்றி இறக்குகின்றன. வெடிகுண்டை ஒரு கப்பலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது கடல் ஆடக் கூடாது. இதற்கு மறுப்புச் சொல்ல யாருக்கும் எளிதன்று.

நான்காவது, வீடுகள். நகரின் கிழக்குக் கோடியில் ஒரு குறுகிய மணல்நாக்கு உண்டு. பெனின்சுலா என்று அழைப்பார்கள். ஒருபுறம் கடல், மறுபுறம் அலாமிட்டோஸ் விரிகுடா, நடுவில் வரிசையாக வீடுகள். சுவர் அவ்வீடுகளை முழுமையாக மறைக்கவில்லை. அதன் கிழக்கு முனையைச் சுற்றி வளைந்து அலை அங்கே வந்து சேர்கிறது. 2014 ஆகஸ்டு இறுதியில், மெக்சிகோவுக்கு அப்பால் கடலிலேயே சுழன்ற மேரி என்னும் சூறாவளியின் அலைகள் தென் கலிபோர்னியாவை வந்தடைந்தன. நடுச்சுவரின் கற்கள் சரிந்து உடைப்புகள் ஏற்பட்டன. பெனின்சுலாவில் கடல்நீர் புகுந்தது. சுவர் இருக்கும்போதே இப்படி என்றால், எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவ்வீட்டுக்காரர்கள் கேட்டனர். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். அதற்கு முன், 1939 செப்டம்பர் 25 அன்று ஒரு வெப்பமண்டலப் புயல் இக்கரையையே நேராகத் தாக்கிய வரலாறும் உண்டு. அன்று தென் கலிபோர்னியக் கடலில் 45 பேர் உயிரிழந்தனர். லாங் பீச்சுக்கு எதிரிலுள்ள சுவர் அப்போது கட்டப்படவில்லை.

ஐந்தாவதாக ஒரு குடியேறி. இவருக்கு வழக்குரைஞர் இல்லை. சுவரின் கற்களையே பற்றிக்கொண்டு பெருங்கடற்பாசி வளர்ந்திருக்கிறது. கல் இடுக்குகளில் இறால் வகைகளும் மீன்களும் குடியிருக்கின்றன. இயற்கையை மீட்க வேண்டும் என்று சொல்லிச் சுவரை உடைத்தால், அதில் குடியேறிய இயற்கையை என்ன செய்வது? எழுபது ஆண்டுகள் கடலில் கிடந்த கல்லை வெறும் கல் என்று சொல்ல முடியவில்லை.

ஆய்வு முழுவதும் பொதுக்கூட்டங்கள் நடந்தன. சுவரின் ஒரு பகுதியை அகற்றுவது, இடையிடையே வாசல்போல் வெட்டிவிடுவது போன்ற யோசனைகள் அலசப்பட்டன. 2019 நவம்பரில் வெளியான வரைவறிக்கை அவற்றைக் கைவிட்டது. கடற்படைப் பணிகளுக்கும் துறைமுகத்துக்கும் எண்ணெய்த் தீவுகளுக்கும் ஏற்படும் பாதிப்பை ஈடு செய்ய முடியாது என்பது காரணம். மாறாக, சுவரைத் தொடாமல், அதன் பின்னுள்ள நீரில் ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்பில் பாறைத்திட்டுகளும் கடற்பாசிக் காடுகளும் கடற்புல் படுகைகளும் உண்டாக்கும் திட்டத்தை அது பரிந்துரைத்தது. மதிப்பீடு பதினான்கு கோடி டாலருக்கு மேல். சுருங்கச் சொன்னால், கல்லை எடுங்கள் என்று கேட்டவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கல் போடுகிறோம் என்ற விடை கிடைத்தது.

அலைச்சறுக்காளர்களின் ஏமாற்றத்தை எளிதில் உணரலாம். ஆய்வுக்குப் பாதிச் செலவு கொடுத்த நகரத்தின் கேள்விக்கு, கேட்காத ஒன்று விடையாக வந்தது. ஆனால் ஆய்வே வீண் என்று சிலர் கூறுவதை நான் ஏற்கவில்லை. அதுவரை யார் யார் அச்சுவரைச் சார்ந்திருக்கிறார்கள் என்று முழுமையாக எழுதி வைத்த ஆவணம் இல்லை. ஒருவர் எண்ணெய் என்றார், ஒருவர் கடற்படை என்றார், ஒருவர் வீடு என்றார். எல்லாம் காப்பிக்கடைப் பேச்சு. இப்போது பக்கம் பக்கமாக எழுத்தில் இருக்கிறது. கடற்படை தன் வெடிபொருள் வேலையை என்றாவது வேறிடத்துக்கு மாற்றினால், எண்ணெய்க் கிணறுகள் என்றாவது ஓய்ந்தால், எந்தத் தடை நீங்கியது, எது மிஞ்சியது என்று அடுத்த தலைமுறை பட்டியலைப் பார்த்துச் சொல்லலாம். சுவரைக் கட்டிய தலைமுறை அத்தகைய பட்டியல் எதையும் விட்டுச் செல்லவில்லை.

குறையும் உண்டு. நீரின் தூய்மை பற்றிய கேள்வி நடுவில் எங்கோ நழுவிவிட்டது. பாறைத்திட்டு மீனுக்கு நல்லது. ஆற்றில் வரும் போத்தலை அது தடுக்காது. ஆற்றின் மேற்பகுதியில் உள்ள நகரங்கள் வடிகால்களில் வலைகளும் தடுப்புகளும் பொருத்தியதால்தான் குப்பை ஓரளவு குறைந்தது. அவ்வேலைக்குப் பெரிய பெயரில்லை, பொதுக்கூட்டமும் இல்லை. கடலில் உள்ள சுவரைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் தெருவில் உள்ள வடிகாலைப் பற்றியும் அதே ஆர்வத்தோடு பேசியிருந்தால் மதிப்பெண் அறிக்கை இன்னும் விரைவில் தேறியிருக்கும் என்று தோன்றுகிறது.

வகுப்பில் இப்பாடத்தைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. மாணவர்களை ஆறு குழுக்களாகப் பிரியுங்கள்: கடற்படை, துறைமுகம், எண்ணெய்த் தீவு, பெனின்சுலா வீட்டுக்காரர், அலைச்சறுக்காளர், மீன். ஒவ்வொரு குழுவும் இரண்டு நிமிடம் பேசட்டும். மீன் குழுவுக்குப் போட்டி அதிகமாக இருக்கும்; சீட்டுக் குலுக்கிப் போடுவது நலம். பேசி முடித்த பிறகு வாக்கெடுப்பு வேண்டாம். யார் யாருக்கு வாக்குரிமை உண்டு என்று கேளுங்கள். பெற்றோர்கள் வீட்டில் செய்வதானால், அடுத்த முறை மோரிப் கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, இங்கே சேறு ஏன், மணல் ஏன், இக்கற்களை யார் வைத்தார்கள் என்று பேச்சை எடுக்கலாம். விடை தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை.

பொறியாளர் படையின் இறுதி அறிக்கை 2022 ஜனவரியில் கையொப்பமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் பாறைத்திட்டுத் திட்டத்திற்குச் சட்ட ஒப்புதல் அளித்தது. ஒப்புதல் வேறு, பணம் ஒதுக்குவது வேறு, அமெரிக்காவிலும் அப்படித்தான். பெனின்சுலாவிலோ வேலை எவருடைய ஒப்புதலுக்கும் காத்திருப்பதில்லை. சுவரின் முனையைச் சுற்றி வரும் அலை அங்குள்ள மணலை மேற்கே கொண்டு சென்றுவிடுவதால், நகரத்தின் மண்வாரி இயந்திரங்கள் மேற்குக் கரையில் சேர்ந்த மணலை அள்ளிக் கொண்டு வந்து வீடுகளுக்கு முன்னே மீண்டும் கொட்டுகின்றன.